மொய் ஆப்: நெட் பாதியில் அறுந்தால் என்ன ஆகிறது என்று எப்படிச் சோதிப்பது?

காரைக்குடி_கோடர் (கேள்வி)

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து மொய் எழுதுவதற்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்து, சுற்றுவட்டாரத்தில் விசேஷங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். டேப்லெட்டில் பெயர், ஊர், தொகை போட்டால் சர்வருக்குப் போகும், மேசையில் இருக்கும் சின்ன புளூடூத் பிரிண்டரில் ரசீது வரும், விசேஷ வீட்டுக்காரர் தன் போனில் மொத்தத்தைப் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான், ராக்கெட் எதுவும் விடவில்லை.

மண்டபங்களில் பெரிய தொந்தரவு இல்லை. சமீபத்தில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம். அந்த மாதிரி வீடுகள் தெரியும்தானே, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ரவுட்டர் முகப்பில், ஒரு மொய் மேசை வளவில் (நடு முற்றத்துப் பகுதி), இன்னொன்று பந்தி நடந்த மூன்றாம் கட்டில் (அதற்கும் பின்னால் இருக்கும் பகுதி). வளவு மேசைக் கணக்கு சரியாக இருந்தது. மூன்றாம் கட்டு மேசையில் சில பெயர்கள் இரண்டு தடவை ஏறியிருக்கின்றன, சிலருக்கு ரசீது கையில் போயிருக்கிறது ஆனால் சர்வரில் ஆளையே காணோம். மொய் சமாச்சாரம், நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் செய்வார்கள், அதனால் ஒரு வரி தப்பினாலும் சண்டைதான்.

ஏரோபிளேன் மோடு போட்டுச் சோதித்துத்தான் அனுப்பினோம். அதில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ‘இணைப்பு இல்லை’ என்று காட்டுகிறது, நெட் வந்ததும் அனுப்பிவிடுகிறது. ரவுட்டரை அணைத்துப் பார்த்தாலும் அப்படியே. இதற்கு மேல் வேறு எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு தடவையும் ஒரு பங்களா வீட்டைக் கேட்டு வாங்கி அலைய முடியாது, மேசையில் உட்கார்ந்தபடியே செய்யும் வழி இருந்தால் நல்லது.

தேவகோட்டை_ரஸ்தா

தம்பி, ஏரோபிளேன் மோடு உங்கள் ஆப்பிடம் சொல்லிவிட்டுப் போகிறது, ரவுட்டரை அணைப்பதும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு உடனே ‘நெட்வொர்க் போய்விட்டது’ என்று கூப்பிட்டுச் சொல்லும், நீங்களும் அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறீர்கள், எல்லாம் சுபம். மூன்றாம் கட்டில் நடந்தது அது இல்லை. அங்கே வைஃபை இருக்கிறது என்றுதான் போன் கடைசி வரை நம்பிக்கொண்டிருக்கும், பாக்கெட் மட்டும் போகாது. அல்லது போய்ச் சேரும், பதில் திரும்பி வராது. இந்தக் கடைசி ஒன்றுதான் உங்கள் இரட்டைப் பதிவு.

ஒரு கோரிக்கை மூன்று இடங்களில் அறுபடலாம். சர்வருக்குப் போய்ச் சேரும் முன்னால் அறுந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, திரும்ப அனுப்பலாம். பாதி தரவு போனதும் அறுந்தால் பெரும்பாலும் சர்வரே தள்ளிவிடும். சர்வர் டேட்டாபேஸில் எழுதி முடித்து ‘சரி’ என்று சொல்லும்போது அறுந்தால், ஆப்புக்கு அதுவும் முதல் வகை மாதிரியேதான் தெரியும், இரண்டையும் பிரித்துச் சொல்ல அதனால் முடியவே முடியாது. திரும்ப அனுப்பும், இரண்டு வரி விழும். நீங்கள் சோதிக்க வேண்டியது இந்த மூன்றாவதை, அதை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும், தானாக வரும் என்று காத்திருந்தால் அடுத்த முகூர்த்தத்தில்தான் வரும்.

மேசையிலேயே செய்ய எளிய வழி: சோதனை சர்வரில், டேட்டாபேஸில் எழுதி முடித்ததற்கும் பதில் அனுப்புவதற்கும் நடுவில் ஐந்து விநாடி தூங்க வையுங்கள். அந்த ஐந்து விநாடிக்குள் டேப்லெட்டில் வைஃபையைக் கையால் அணையுங்கள். எந்தக் கருவியும் வேண்டாம், இன்றைக்கே பார்த்துவிடலாம்.

அடுத்து இதைத் தானியங்கிச் சோதனையாக்கிவிடுங்கள். சர்வரோடு பேச ஓகேஹெச்டிடிபி நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு இன்டர்செப்டர் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் நடுவில் புகும் துணுக்கு) எழுதி, கோரிக்கையை முழுக்க அனுப்பிப் பதிலையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பதிலைத் தூக்கிப்போட்டுவிட்டு ஐஓ எக்ஸெப்ஷனை (இணைப்புப் பிழையை) வீசுங்கள். ஆப்பின் கண்ணுக்கு அச்சு அசலாக மூன்றாம் கட்டுதான். அதே குடும்பத்தின் மாக்வெப்சர்வர் என்ற சோதனைக்கான குட்டிச் சர்வரில், கோரிக்கையை வாங்கியதும் அறுப்பது, பதிலின் நடுவில் அறுப்பது, பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருப்பது என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஓட்டிவிட்டுச் சர்வரில் எத்தனை வரி என்று எண்ணுங்கள், ஒன்றுக்கு மேல் இருந்தால் தோல்வி.

உண்மையான சர்வரோடு பார்க்க வேண்டும் என்றால் ஷாப்பிஃபை வெளியிட்ட டாக்ஸிபிராக்ஸி இருக்கிறது, நடுவில் நின்று இணைப்பை வேண்டுமென்றே கெடுக்கும் கருவி. லேப்டாப்பில் ஓடவிட்டு ஆப்பை அதன் வழியே பேச வைத்தால், வரும் திசையை மட்டும் அடைக்கலாம், தாமதம் சேர்க்கலாம், இணைப்பைப் படக்கென்று ரீசெட் செய்யலாம். எமுலேட்டரிலிருந்து (லேப்டாப்பிலேயே ஓடும் போலி ஆண்ட்ராய்டு) லேப்டாப்பைத் தொட 10.0.2.2 என்ற முகவரி. ஆண்ட்ராய்டு 9 முதல் குறியாக்கம் இல்லாத சாதா ஹெச்டிடிபி இயல்பாகத் தடுக்கப்படும், அதனால் சோதனை பில்டில் மட்டும் அதற்கு அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி தவறிப்போய் வெளியீட்டு பில்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மொய்த் தொகை திறந்த கடிதமாகப் போகும்.

நீங்கள் எழுதாத ரீட்ரை ஒன்றும் உள்ளே உண்டு. ஓகேஹெச்டிடிபியில் இணைப்பு தோற்றால் சில சந்தர்ப்பங்களில் திரும்ப முயலும் வசதி இயல்பிலேயே இயங்கிக்கொண்டிருக்கும், திரும்ப அனுப்பினால் கேடு வரும் கோரிக்கைக்கு அதை அணைக்கச் சொல்லி அவர்கள் ஆவணமே சொல்கிறது. ஆனால் அதை அணைப்பது மட்டும் தீர்வு இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் டேப்லெட்டிலேயே ஒரு யூயூஐடி (வேறு எதற்கும் வராத அடையாள எண்) உருவாக்கி, அதைச் சர்வரில் தனித்துவ இன்டெக்ஸாக (ஒரே எண் இரண்டு வரியில் வர விடாத ஏற்பாடு) வைத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பலாம், வரி ஒன்றுதான் இருக்கும்.

மூணாங்கட்டு

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் மேசைச் சோதனை மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். டாக்ஸிபிராக்ஸி டிசிபியைத்தான் (தரவு போய்வரும் இணைப்பை) கெடுக்கும், ரேடியோவைக் (வைஃபை அலையை) கெடுக்காது. ஆண்ட்ராய்டு எப்போது வைஃபையைக் கைவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது, தாவும் அந்த நேரத்தில் உங்கள் ஆப் என்ன செய்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. தாவினால் போனின் ஐபி முகவரி மாறும், பழைய டிசிபி இணைப்பு அந்த இடத்திலேயே செத்துவிடும், ஆனால் செத்த செய்தி பல சமயம் உடனே போகாது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் பதில் வராத பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். ஆப்பில் டைம்அவுட் வைக்காவிட்டால் அவ்வளவு நேரமும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓகேஹெச்டிடிபியில் இணைக்க, படிக்க, எழுத என்று ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி இயல்பாக இருக்கிறது, ஆனால் முழு அழைப்புக்கு என்று எல்லை எதுவும் கிடையாது, அதை நீங்கள்தான் வைக்க வேண்டும். மேசையில் வரிசை நிற்கும்போது எழுதுகிறவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார், பட்டனை இன்னொரு தடவை அமுக்குவார். அதையும் சோதியுங்கள், ஒரே பட்டனைப் படபடவென்று நாலு தடவை.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் வளர்ந்ததே அப்படி ஒரு வீட்டில்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின தடித்த செங்கல் சுவர், நடுவில் இரும்பு உத்திரம், மூலையில் ஆள் உயர இரும்புப் பெட்டி, கட்டுக்குக் கட்டு கனத்த கதவு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டவே முக்கும், 2.4 இன்னும் கொஞ்சம் போகும். போனோ பிடித்த ரவுட்டரை லேசில் விடாது, ஒரு சிக்னல் கோடு இருந்தாலும் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு கோட்டில்தான் நீங்கள் சொன்ன எல்லாக் கோளாறும் பிறக்கிறது. விசேஷத்துக்குச் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே வைஃபை பாஸ்வேர்டை வாங்கியிருப்பார்கள், அது தனி.

பங்களா வேண்டாம், உங்கள் தெருவே போதும். ரவுட்டரை வீட்டுக்குள் வைத்துவிட்டு டேப்லெட்டில் நிறுத்தாமல் பதிவு போட்டபடி வெளியே நடந்து போங்கள், சிக்னல் முழுக்க அறுந்ததும் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் நேரத்தையும் சிக்னல் அளவையும் லாகில் எழுதச் சொல்லுங்கள், -70 டிபிஎம்முக்குக் கீழே போகப்போக என்ன நடக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் யாராவது என்ன தம்பி தேடுகிறீர்கள் என்று கேட்பார்கள், சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ரவுட்டரை அணைக்காமல் அதற்கு வரும் பிராட்பேண்ட் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது. ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைத் தொட்டு 204 என்று பதில் வருகிறதா என்று பார்த்துத்தான் அந்த நெட்வொர்க்கைச் சரிபார்த்ததாகக் குறிக்கும். உங்கள் புரோகிராமில் ‘இன்டர்நெட் திறன் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டிருந்தால் கேபிள் பிடுங்கின பிறகும் இருக்கிறது என்றே பதில் வரும், ‘சரிபார்க்கப்பட்டதா’ என்றும் சேர்த்துக் கேளுங்கள். அதையும் முழுக்க நம்பக் கூடாது, அது சற்று முன் இருந்த நிலைதான். நெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவது என்ற யோசனையே எனக்குப் பிடிக்காது. அனுப்பு, தோற்றால் வரிசையில் வை, அவ்வளவுதான்.

ஏடிபி (லேப்டாப்பிலிருந்து டேப்லெட்டுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) வழியாக வைஃபையை அணைத்து ஏற்றி ஸ்கிரிப்ட் எழுதலாம், எஸ்விசி கட்டளை இருக்கிறது. ஆனால் ஏடிபியை யூஎஸ்பி கேபிளில் இணையுங்கள். வைஃபை வழியே ஏடிபி இணைத்துவிட்டு வைஃபையை அணைத்தால் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டின கதை.

காரைக்குடி_கோடர்

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. தூங்க வைக்கும் வழியை உடனே செய்து பார்த்தேன், முதல் தடவையே இரண்டு வரி விழுந்துவிட்டது. யூயூஐடி சேர்க்க சர்வர் பக்கம் டேபிளை மாற்ற வேண்டியிருக்கிறது, பழைய விசேஷங்களின் தரவும் அதிலேயே கிடக்கிறது. அதுவரைக்கும் பெயரும் ஊரும் தொகையும் ஒன்றாக இருந்து ஒரு நிமிடத்துக்குள் வந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடலாமா?

இன்னொன்று, ரசீது போய்விட்டது சர்வரில் ஆள் இல்லை என்பது இன்னும் பிடிபடவில்லை. தூங்க வைத்துப் பார்த்ததில் அது வரவே இல்லை.

பள்ளத்தூர்_அக்கா

தள்ளவே தள்ளாதீர்கள் தம்பி! நம் பக்கத்தில் ஐயா பெயரைத்தான் பேரனுக்கு வைக்கிறார்கள், அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கு ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே இனிஷியல் கூட இருக்கும், சேர்ந்து ஒரே காரில் வந்து ஒருவர் பின் ஒருவராக நின்று ஆளுக்கு 501 எழுதிவிட்டுப் பந்திக்குப் போவார்கள். நீங்கள் ஒருவரை அழித்துவிட்டால் அது இரட்டைப் பதிவை விட மோசம், இரட்டிப்பாவது கண்ணில் படும், காணாமல் போனது படாது. இதையே ஒரு டெஸ்ட் கேஸாக எழுதி வையுங்கள், ஒரே பெயர், ஊர், தொகை, இரண்டு வெவ்வேறு யூயூஐடி, சர்வரில் இரண்டு வரி இருக்க வேண்டும். அதே யூயூஐடி இரண்டு தடவை போனால் ஒரு வரி. பழைய தரவுக்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு புது யூயூஐடி போட்டுவிட்டால் தீர்ந்தது, அரை மணி நேர வேலை.

அந்த யூயூஐடி எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். அனுப்பும் ஃபங்ஷனுக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு ரீட்ரைக்கும் புதுசு கிடைத்து எல்லாம் வீண். காலிப் படிவம் திறக்கும்போதே பிறந்துவிட வேண்டும். சர்வரிலும் ‘ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் எழுது’ என்று இரண்டு படியாகச் செய்யாதீர்கள், இரண்டு கோரிக்கை ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே இல்லை என்று பார்த்து இரண்டுமே எழுதும். டேட்டாபேஸே மறுக்கட்டும். மறுத்ததைப் பிடித்துப் பழைய வரியைக் காட்டி 200 (‘சரி’) என்றே பதில் கொடுங்கள், பிழை என்று கொடுத்தால் ஆப் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

காணாமல் போனதற்கு என் ஊகம்: பிரிண்ட் முதலில் நடக்கிறது, சர்வருக்குப் போக வேண்டியது ஆப்பின் மெமரியில் மட்டும் காத்திருக்கிறது, நடுவில் யாரோ கேமராவைத் திறக்க, மெமரி போதாமல் ஆண்ட்ராய்டு உங்கள் ஆப்பைக் கொன்றுவிட்டது. புரோகிராமைப் பாருங்கள், டேப்லெட்டுக்குள் இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸில் எழுதிய பிறகுதான் பிரிண்டரைத் தொட வேண்டும். சோதிக்க, நெட்டை அடைத்து வைத்துப் பதிவு போட்டு, ஹோம் பட்டனை அமுக்கி, ஏடிபியில் ‘ஏஎம் கில்’ (பின்னணியில் இருக்கும் ஆப்பைக் கொல்லும் கட்டளை) கொடுங்கள். ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ கொடுக்காதீர்கள், அது ஒர்க்மேனேஜர் பின்னணியில் செய்யும் வேலைகளையும் நிறுத்திவிடும், ஆப்பைத் திரும்பத் திறக்கும் வரை எதுவும் போகாது, நீங்கள் வேறு பிரச்சினை என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

ரசீது எண்ணைச் சர்வர்தான் கொடுக்கிறது என்றால் அதையும் மாற்றுங்கள். நெட் இல்லாதபோது எண் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஒரு எழுத்து, அ-1, அ-2, ஆ-1 என்று அதுவே போட்டுக்கொள்ளட்டும்.

புதுவயல்_பொடியன்

பிரிண்டர் பற்றி யாரும் பேசவில்லையே. அதுவும் வயர்லெஸ்தான், அதுவும் அறுபடும். பில் போடும் ஆப்பில் இதோடு நிறையப் போராடியிருக்கிறோம்.

புளூடூத் சாக்கெட்டில் எழுதியது வெற்றி என்று வந்தால் தாளில் அச்சாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, போனின் பஃபரில் ஏறிவிட்டது என்று மட்டும்தான். பேப்பர் தீர்ந்திருக்கலாம், பிரிண்டர் சார்ஜ் போயிருக்கலாம், பாதி ரசீதில் நின்றிருக்கலாம். ஈஎஸ்சி பிஓஎஸ் என்ற கட்டளை மொழி புரியும் ரசீது பிரிண்டர்களில் நிலை கேட்கும் கட்டளை உண்டு, ஆனால் மலிவான பிரிண்டர்கள் சில அதற்கு வாயே திறக்காது, வாங்கும் முன்னால் அதைச் சோதித்து வாங்குங்கள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் புழங்குகிறது, வைஃபையில் ஒரு பகுதியும் அங்கேதான், மனித உடம்பில் தண்ணீர் அதிகம், கூட்டம் அந்த அலையை நன்றாக விழுங்கும். காலி அறையில் பத்து மீட்டர் போவது பந்திக் கூட்டத்தில் போகாது.

நாங்கள் வழக்கமாகச் செய்வது: அச்சாகும்போதே பிரிண்டரை அணைப்பது, அணைத்து உடனே ஏற்றுவது, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவது, பிரிண்டரை ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து மூடுவது. கடைசியது சிரிப்பாக இருக்கும், ஆனால் பலவீனமான இணைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து அளவு மாற்றலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத்துக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும், அதை மறுத்துவிட்டு என்ன ஆகிறது என்றும் பாருங்கள், எங்கள் ஆப் அப்படியே விழுந்தது.

இரண்டாம் தடவை அச்சிடும் ரசீதில் ‘நகல்’ என்று போடுங்கள். பிரிண்டர் விஷயத்தில் யூயூஐடி காப்பாற்றாது, தாளுக்கு ஞாபகம் கிடையாது.

சும்மா_கேட்கிறேன்

ஒரே வீட்டுக்குள் நடக்கிற மொய்க்கு எதற்கு இன்டர்நெட்? ஒரு லேப்டாப்பைச் சர்வராக வைத்து, சொந்த ரவுட்டர் ஒன்றை வளவு நடுவில் வைத்தால் தீர்ந்தது. ராத்திரி வீட்டுக்குப் போய் மேலே ஏற்றிக்கொள்ளலாம். முகூர்த்த நாளில் மொபைல் டேட்டா நம்பி உட்காரவே கூடாது, சிக்னல் கோடு முழுக்கக் காட்டும், ஒன்றும் நகராது. கோடு சிக்னல் பலத்தைத்தான் சொல்கிறது, டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று சொல்வதில்லை.

தேவகோட்டை_ரஸ்தா

நல்ல யோசனைதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் மொத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் சிக்கல். ஆனால் டேப்லெட்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருப்பதும் வைஃபைதான், அக்கா சொன்ன எதையும் விட்டுவிட முடியாது.

லேப்டாப் வழி போனால் சோதனைக்கு ஒரு வசதி கூடுதலாகக் கிடைக்கும். அது லினக்ஸாக இருந்து அதையே ஹாட்ஸ்பாட்டாகவும் வைத்தால், டிசி நெட்எம் (இணைப்பை வேண்டுமென்றே கெடுக்கும் லினக்ஸ் கட்டளை) போட்டுத் தாமதமும் இழப்பும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சேர்க்கலாம். அது வெளியே போகும் பாக்கெட்டைத்தான் கெடுக்கும், அதனால் வைஃபை இன்டர்ஃபேஸில் போட்டால் டேப்லெட்டுக்கு வரும் பதில்தான் கெடும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். முதலில் 2 விநாடித் தாமதம், 10 சதவீத இழப்பு என்று ஓட்டுங்கள், அப்புறம் 100 சதவீதம். ஒரு பதிவு போட்டு இணைப்பு திறந்த பிறகுதான் 100க்கு ஏற்ற வேண்டும், முதலிலேயே ஏற்றினால் டிசிபி கைகுலுக்கலே முடியாது, கோரிக்கை சர்வரையே எட்டாது, அது நான் முன்பு சொன்ன முதல் வகைதான்.

சும்மா_கேட்கிறேன்

லேப்டாப் ஸ்லீப்பை அணைத்து வையுங்கள். பந்திக்கு இலை போட வருகிறவர் மூடியை மூடிவிட்டு அதன் மேல் தாம்பூலத் தட்டை வைப்பார். மூடியை மூடினால் டேப்லெட்டுகள் என்ன செய்கின்றன, திறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றனவா என்று அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.